நாற்பத்திரண்டாவது காட்சி

அவன் தன் திரைக்கதையைக் கணினியில் திறந்து பொத்தானைத் தட்டினான். கதையின் வரிசை கலைந்து, காட்சிகள் திரையில் இடவாரியாகப் பிரிந்து நின்றன.

ஓட்டலில் ஆறு. காவல் நிலையத்தில் நான்கு. ரயில் நிலையத்தில் ஒன்று. வீட்டில் முப்பத்தெட்டு.

நாற்பத்திரண்டாவது காட்சி மட்டும் இரண்டு இடத்துக்குக் கீழேயும் வந்தது. வீட்டில் மனைவி மாடிப்படியிலிருந்து விழுகிறாள். அதே நேரம் கணவன் ரயில் நிலையத்தில் நின்று அவளுக்குப் போன் அடிக்கிறான். அவள் எடுக்கவில்லை.

படித்துவிட்டுத் தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

துடைக்காமல் என்ன செய்வார்? எழுதியவனின் சொந்தக் கதை ஆயிற்றே. அவன் மனைவி யசோதா செத்து மூன்று வருடம் ஆகிறது. போலீஸிடமும் மாமனாரிடமும் இதையேதான், ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தான். அவர்கள் நம்பினார்கள். இனி ஊரே நம்பும்.

எழுதும்போது அறைகள் குழம்பக் கூடாதென்று, இடக்குறிப்பில் தன் திண்டுக்கல் வீட்டு விலாசத்தையே போட்டு வைத்திருந்தான். அனுப்பும்போது அதை எடுக்க மறந்து தொலைத்தான்.

படப்பிடிப்புக்கு இடம் பார்க்கும் செல்லப்பாண்டி, விலாசத்தைப் பார்த்ததும் நேரே கிளம்பிவிட்டான்.

காலை பதினொன்றரைக்குச் செல்லப்பாண்டியிடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. வீடு அமைந்துவிட்டதாம். படிக்கட்டு எழுதியபடியே இருக்கிறதாம். வீட்டுக்காரம்மா தங்கமானவர்களாம், உட்காரவைத்துக் காபி கொடுத்தார்களாம்.



அந்த வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவனிடம்தான் இருக்கிறது.

செல்லப்பாண்டி வேறு வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் நினைக்கப் பார்த்தான்.

அந்தம்மா முழுக் கதையையும் கேட்டு வாங்கிப் படித்ததாகச் செல்லப்பாண்டி சொன்னான். படம் எடுக்கச் சம்மதமாம். ஒரே ஒரு திருத்தம்தானாம்.

"நாப்பத்திரெண்டாவது சீனுக்கு ஸ்டேஷன் தேவையில்லையாம்ண்ணே. ரெண்டு பேருமே வீட்லதான இருந்தாங்கன்னு சொல்றாங்க."



செல்லப்பாண்டி சிரித்தான். ஒரு நாள் படப்பிடிப்பு மிச்சம் என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அந்தம்மா பக்கத்திலேயே நிற்பதாகவும் அவனிடம் பேச வேண்டும் என்று கேட்பதாகவும் சொன்னான்.

அவன் திரையில் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தான். அழித்தான்.

கணவனை மேல்படியில், மனைவிக்குப் பின்னால் நிற்கவைத்தான். 

பிறகு போனை அவளிடம் கொடுக்கச் சொன்னான்.