உறை பிரிக்காத நாற்காலி

குழந்தைவேலுவுக்கு மந்திரி பதவி கிடைக்கவில்லை. தன் ஆதரவு எம்.எல்.ஏ.க்களோடு கட்சியை விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டினார். மறுவாரமே ஏரிப் பாதுகாப்பு வாரியம் பிறந்தது, அவர் அதற்குத் தலைவரானார். அதற்கு முன் சட்டசபையில் ஏரி என்ற பேச்சே எழுந்ததில்லை.

அவருக்காக வாங்கிய நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அவர் விடவில்லை. பிரித்தால் இங்கேயே இருந்துவிட நேரும் என்று பயம். அசையும்போதெல்லாம் உறை அவருக்கடியில் சரசரத்தது.

ஏரிக்கரையில் எருமை வளர்க்கும் பொற்கொடி மறுபடியும் வந்து, ஏரித் தண்ணீர் பிடித்த பாட்டிலை மேசையில் வைத்தாள். சாயப்பட்டறைக் கழிவு கலந்து அது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அதைக் குடித்து அவளுடைய எருமைகளில் ஒன்று செத்துவிட்டது. இன்னொன்றை ஏரிப்பக்கம் விடாமல் வீட்டில் கட்டிப் போட்டிருந்தாள்.

“ஒரு கையெழுத்துப் போடுங்க. கழிவுக் குழாய அடைச்சிருவாங்க.”

“நானே இங்க விருந்தாளிம்மா. உறையக்கூடப் பிரிக்கல, பாரு. அடுத்து வர்றவரு போடுவாரு.”

“போன தடவையும் இதேதானுங்க சொன்னீங்க. அவரு வர்ற வரைக்கும் எருமை தண்ணி குடிக்காம இருக்குமுங்களா?”

கைபேசி ஒலித்தது. அழைத்தது கட்சித் தலைவர். குழந்தைவேலு விருட்டென்று எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் குனிந்து நின்றார். “அய்யா... காத்திருக்கேங்கய்யா... அடுத்த மந்திரிசபை மாத்தத்துலயாவதுங்கய்யா...”

பின்னால் ஏதோ கிழியும் சத்தம் கேட்டது. தலைவர் பேசி முடிக்கும்வரை அவரால் திரும்ப முடியவில்லை.

திரும்பியபோது உறை பொற்கொடியின் கையில் சுருண்டிருந்தது. அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துவிட்டாள்.

“உக்காருங்க.”

குழந்தைவேலு வெறுங்காலோடு நின்றுகொண்டே இருந்தார்.