அந்த வருடத்துக் காற்று

பழைய கார்களின் போட்டியில் நடுவர் ரெபேக்காளின் காரருகே வந்தார். 1954ஆம் வருடத்துக் கார்; பாகங்களும் அதே வருடத்தவையாக இருந்தால்தான் முழு மதிப்பெண். அதே வருடத்து டயர்களைத் தேடிச் சேர்க்க அவளுக்குப் பதினோரு வருடம் ஆனது. மூன்று டயர்கள் காற்றில்லாமல் கிடைத்தன. நான்காவது மட்டும், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்குள், சக்கரத்தோடும் காற்றோடும் நின்றிருந்தது. நடுவர் காற்றழுத்தம் பார்க்க அதன் வால்வில் கேஜை வைக்கப் போனார். ரெபேக்காள் உள்ளங்கையால் வால்வை மூடினாள்.

“அழுத்தாதீங்க சார். உள்ள இருக்கிற காத்தும் அம்பத்திநாலுதான்.”

அவர் கேஜைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மதிப்பெண் தாளில் நூற்றுக்கு நூறு எழுதினார். அவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

“மத்த மூணுக்கும் மார்க்கைக் குறைங்க சார்,” என்றாள். “அதுல இன்னைக்குக் காலையில பெட்ரோல் பங்க்ல அடிச்ச காத்து.”