கடல் பக்கக் குடை

1942 ஏப்ரல் 9 காலை, திருகோணமலைத் துறைமுகத்தின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின.

"அண்ணை, இந்தாளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லவேணும்," என்று அடுத்த வருடம் ஒரு பின்னேரம், துறைமுக வாசலடியில் இருந்த வல்லிபுரத்தின் தேநீர்க் கடைக்குள் புருசனை இழுத்துக்கொண்டு வந்தாள் சீதேவி. "மடத்தை விட்டு வந்த ஆள் நீங்கள் ஒராள்தானாம். இவர் நாளைக்கு வேலையையும் விட்டு, என்னையும் பிள்ளையையும் விட்டு, பாலையூற்று மடத்துக்குப் போறாராம். போனால் வீட்டுக்குத் திரும்பக் கூடாதாம்."

யோகலிங்கம் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவன். முகத்தில் பாதி வளர்ந்த தாடி. கடைக்குள் வந்த பிறகும் குடையை மடக்காமல், கடல் தெரிந்த பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாலையூற்று மடத்தில், பேசாத ஒரு சாமியின் பின்னால் அப்படிப் பலர் சேர்ந்திருந்தார்கள். ஊர் அவர்களைக் குடைக்காரர் என்று அழைத்தது. கடல் மாயை, அதைப் பார்க்கக் கூடாது என்பது அவர்களுடைய முதல் விதி. திரும்பிய பக்கமெல்லாம் கடல் தெரியும் ஊரில் அது லேசான காரியமல்ல.

"இரும் தம்பி," என்றார் வல்லிபுரம். "நானும் குடை பிடிச்சனான்தான்."

"நீங்களோ?"

"ஓம். முதல் நாளிலயிருந்து. அந்தக் குடையால பட்ட பாடு! ஒருநாள் விளக்குக் கம்பத்தில மோதி நெத்தி வெடிச்சது. இன்னொருநாள் எல்லாரும் வரிசையாக் குடையைச் சரிச்சுக்கொண்டு போறம், நேவிக்காரன் பிடிச்சிட்டான். யப்பானுக்குச் சைகை காட்டுறமாம். கடல் மாயை எண்டதை அவனுக்கு எப்பிடி இங்கிலீசில சொல்லுறது?"

சீதேவி சிரித்துவிட்டாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை.

"மீனும் இல்லை, உப்பும் இல்லையாம் அண்ணை," என்றாள் அவள். "ரெண்டும் கடலில வாறதாம். என்ர கறியை இப்ப தொடுறேல்லை."

"மீனை விட்டது சாமி. உப்பை விடச் சொன்னது சாமியில்லை, சீடர்மார் சேர்த்தது. பிறகு சாமியும் உப்பில்லாத கறியைத்தான் முழுங்க வேண்டி வந்தது. சமைக்கிறது அவையள்தானே."

"பிழையெண்டால் சாமி தடுத்திருப்பார்," என்றான் யோகலிங்கம்.

"சாமி எங்க வாய் திறந்தவர்? கதைக்காத மனிசன்ர வாய்க்குள்ள சனம் தன்ர கதையை வைச்சிடும்."

"நீங்கள் எப்பிடி அண்ணை விட்டனீங்கள்?" சீதேவி கேட்டாள்.

"நான் எங்க விட்டது? லாபிர் விடப்பண்ணினவன். மூதூர்த் தோணிக்காரன். குண்டு போட்ட அண்டைக்குச் சனமெல்லாம் பிளேனைக் கண்டு ஓடுது. நான் குடைக்குப் பின்னால நிக்கிறன். முழங்குது, மழை வரப்போகுது எண்டு குடையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறன். லாபிர் ஓடி வந்து பிடரியில பிடிச்சு வாய்க்காலுக்குள்ள தள்ளி, எனக்கு மேல தானும் விழுந்தான். பிறகு தோணியில ஏத்திக்கொண்டு போனான். தோணிக்குள்ள எந்தப் பக்கம் திரும்பிறது? கண்ணை மூடிக்கொண்டிருந்தன். 'அண்ணன், தண்ணி உள்ளுக்கு வருது, கண்ணைத் தொறந்து அள்ளி ஊத்துங்க' எண்டான். திறந்தன். கடல் கடலாத்தான் கிடந்தது."

வல்லிபுரம் தேநீரை ஆற்றி இருவர் முன்னும் வைத்தார்.

"அவன்ர மனிசி நபீஸா மீன் கறியும் சோறும் தந்தவ. முதல் வாயிலயே அழுதிட்டன். உறைப்பெண்டு நினைச்சு அவ தண்ணி எடுத்துக்கொண்டு ஓடி வந்தவ. உறைப்பில்லைத் தங்கச்சி, உப்பு! அந்த ரெண்டு பேரையும் இண்டைக்கும் நினைச்சுக் கும்பிடுறன். வேற கும்பிடு எனக்கில்லை."

"அண்டைக்குத்தான் சாமி ஒளியில கரைஞ்சவர்," என்றான் யோகலிங்கம் பிடிவாதமாக. "அவற்ற செருப்பை வைச்சுப் பூசை நடக்குது."

"ஒரு செருப்புத்தானே?"

"ஓம்... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஓடேக்க கழண்டது ஒண்டுதான் தம்பி. நான் தாடி வழிச்ச முகத்தோட ஒருக்காப் போய் நடந்ததைச் சொல்லிப் பாத்தனான். 'சாமியைப் பற்றிக் கதைக்க நீ ஆரடா தேத்தண்ணிக்காரன்' எண்டு குடையாலயே அடிச்சுக் கலைச்சவை."

யோகலிங்கம் எழுந்தான். "எல்லாம் உங்களுக்குப் பகிடி. ஞானம் வராமலோ சாமி கடலை வெறுத்தவர்?"

வல்லிபுரத்தின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிருந்தது.

"வெறுக்கேல்லை. பாக்க ஏலாமல் போச்சு. அவற்ற பெடியன் கடலில குளிக்கப் போய்த் திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தைக் குடையால மறைச்சுக்கொண்டுதான் நடந்தார். மீன் தொண்டைக்குள்ள இறங்கேல்லை. ஆரோடயும் கதைக்கப் பிடிக்கேல்லை. பாலையூற்றில போய்க் குந்தினார். சனம் அதைத் தவமெண்டு நினைச்சுத் தானும் குடையை விரிச்சுக்கொண்டு பின்னால வந்திட்டுது. பிள்ளையைப் பறி குடுத்தவன் குடை பிடிச்சான் தம்பி. நீர் உயிரோட இருக்கிற பிள்ளையை விட்டிட்டுக் குடை பிடிக்கப் போறீர்."

"பொய்," என்றான் யோகலிங்கம். குரல் இறங்கியிருந்தது. "சாமிக்குப் பிள்ளை இருந்ததெண்டு ஆர் கண்டது?"

"அவன்ர பேர் இராசதுரை. பேர் வைச்ச தகப்பன் நான்."

மறுநாள் யோகலிங்கம் துறைமுக வேலைக்குப் போனான். சாமியை நிந்தித்த வல்லிபுரத்தின் கடையில் தேநீர் குடிக்கக் கூடாது என்று மடத்தில் புதிதாக ஒரு விதி சேர்த்தார்கள்.