பத்து நிமிஷச் சூடு

"பத்தே நிமிஷம், ரூனே. என் குப்பி முதல்ல போகட்டும்."

"வரிசைன்னா வரிசைதான், மலேனா. என்னோடது பன்னெண்டு குப்பி நிக்குது."

லுண்ட் நகரத்து மருந்து ஆய்வுக்கூடத்தில் அந்த மைக்ரோவேவ் ஒன்றுதான். அதில் வேகிறது சாப்பாடு அல்ல. இறுக மூடிய கண்ணாடிக் குப்பிகளில் ரசாயனக் கலவை. வரிசையாக வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக மெஷினே உள்ளே எடுத்துக்கொள்ளும்.

"மூணு மணிக்கு மீட்டிங். இன்னைக்கும் மருந்தக் காட்டலன்னா ஆஸ்துமா திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்கப்பா."

"மூணு வாரமா அதத்தானே சொல்ற. மருந்து ஏன் வரமாட்டேங்குது?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கெஞ்சறேன்? சூட்ட மாத்தி மாத்தி வெக்கிறேன், கரிதான் மிஞ்சுது."

"பாவம்தான். அதுக்காக வரிசைய மாத்த முடியாது." ரூனே காபி குடிக்கப் போய்விட்டான்.

அந்த ஊரில் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள், வரிசையில் புகுந்தவனை மன்னிக்கமாட்டார்கள். மலேனாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கலவையை அவசரமாகக் கலந்து, குப்பியை மூடி, ரூனேயின் குப்பிகளைப் பின்னால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை முதலில் வைத்தாள். அவன் கண்ணில் படாமல் மீட்டிங்குக்குத் தயார் செய்ய ஓடினாள்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், அவள் குப்பி மேசைமேல் சூடில்லாமல் இருந்தது. உள்ளே கரி இல்லை. இளமஞ்சளாக, தெளிவாக இருந்தது. சோதித்துப் பார்த்தாள். கலப்படமே இல்லாத மருந்து. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மீட்டிங்கில் திட்டம் பிழைத்தது. திரும்பும்போது ரூனேவுக்கு இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

"காலைல உன்னுத தள்ளிட்டு என்னுத முன்னால வெச்சேன். தப்புதான், திட்டிக்கோ. ஆனா பத்து நிமிஷச் சூட்டுல என்னமா வந்திருக்கு தெரியுமா? அந்த மெஷினக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருக்கு."

ரூனேவுக்குக் காது சிவந்தது. ரொட்டியைத் தொடவில்லை.

"நீ போனதுமே வந்து பாத்தேன். ஆத்திரத்துல உன் குப்பிய எடுத்து வெளிய வெச்சிட்டேன். அது மெஷினுக்குள்ள போகவே இல்ல, மலேனா."