புற்றுக்குப் படிக்கப் போன தவளை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது பாட்டுப் படிப்பை முடித்த ஒரு தவளையின் கதை.

அதுக்கு ஒரு கவலை. வருஷா வருஷம் அது வாழ்கிற குட்டையின் கரை கசிந்து, தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைப்பதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். கரை கட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று, கறையான் புற்றில் நடக்கிற கட்டட மேல்படிப்பில் சேர வந்து நின்றது.

பெரிய கறையான் வாசலுக்கு வந்தது. "இதுக்கு முன்னாடி என்ன படிச்சே?"

"பாட்டுங்க."

"மண்ணு குழைச்சிருக்கியா? சுவர் எழுப்பியிருக்கியா?"

"இல்லீங்க. ஆனா கரை முதல்ல எங்க கசியும்னு தண்ணிக்குள்ள இருந்து பார்த்திருக்கேன். ஏன் கசியுதுன்னுதான் தெரியல."

பெரிய கறையானுக்கு அந்தக் கடைசிப் பேச்சு பிடித்துப்போனது. "சரி, இடம் தர்றேன். ஆனா முதல்ல சின்னதுங்களோட சேர்ந்து மண்ணு சுமக்கணும். மண்ணு பழகாம மேல்வகுப்புல உட்கார்ந்தா ஒண்ணும் மண்டையில ஏறாது."

"சுமக்கிறேங்க."

உள்ளேயிருந்து குட்டிக் கறையான்கள் கத்தின. "ஐயா, அது வாயைப் பாருங்க. பாடுற வாய் மட்டுமா அது? எங்க சித்தப்பாவைத் தின்ன வாய்."

பெரிய கறையான் ஓரடி பின்னால் போனது. "அதுங்க சொல்றதும் நியாயந்தானே. படிப்பு முடியிற வரைக்கும் அந்த வாயை என்ன பண்ணப் போறே?"

தவளை சுற்றிலும் பார்த்தது. மண் சுமக்கிற கறையான்கள் எல்லாம் மண்ணை வாயில்தான் கவ்விக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

குனிந்து, வாய் கொள்ளுமட்டும் ஈரமண்ணை அள்ளி அடைத்துக்கொண்டு, வரிசையில் கடைசிக் குட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது தவளை.