பெண்கள் பக்கம்

‘பெண்கள்’ என்று குழுவுக்குப் பெயர் வைத்து, முதலில் தையல் டிசைன் மென்பொருளை அதற்குள் போட்டாள் ஜின்சி. பக்கத்தில் நின்ற லிஜா, கெட்டுப்போன சாளை மீனைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள்.

மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரை ஊர். தேவாலயத்துக்குப் பின்னால் பங்குக் கமிட்டி நடத்தும் கணினி மையத்தை, மீன்காரி மகளாகப் பிறந்து என்ஜினியரிங் முடித்த ஜின்சிதான் பார்த்துக்கொள்கிறாள்.

பங்குக் குடும்பங்களை அன்பியம் என்று சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிப்பதில்லையா, அதுபோல மென்பொருள்களையும் குழுவாகக் கட்டி வைக்கலாம். குழுவின் பெயரைச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால், உள்ளே இருக்கும் அத்தனையும் கணினியில் ஏறிவிடும்.

யாருக்கு எந்தக் குழு என்று முடிவு செய்தது மையத்தின் செயலாளர் ஞானதாசன். மஸ்கட்டில் இருந்து வந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஊரில் பேர். பூசைக்கு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதுபோல இங்கேயும் வரிசை பிரித்துவிட்டார். ஆண்கள் வரிசைக்குப் புரோகிராம் எழுதும் கருவிகள்; பெண்கள் வரிசைக்குத் தையல் டிசைனும் டைப்பிங்கும்.

லிஜாவுக்குச் சனிக்கிழமை திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றின் புரோகிராமிங் தேர்வு. வீட்டில் கணினி கிடையாது, இங்கே பழகினால்தான் உண்டு. தேறாவிட்டால் கல்யாணம் என்று அவளுடைய அப்பா மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்.

ஜின்சி கமிட்டியில் சண்டை போட்டுப் பார்த்தாள். பெண்பிள்ளைகள் புரோகிராம் படித்தால் பெங்களூருக்குப் போய்விடுவார்கள், பிறகு சொன்னபடி கேட்க மாட்டார்கள் என்றார்கள்.

“ஆம்பளைக்க கையில மட்டுந்தானா வெரலு இருக்கு?” என்று கேட்டாள். இஷ்டமில்லை என்றால் மையத்தையே பூட்டிவிடலாம் என்று ஞானதாசன் சாவியை எடுத்தார். நீங்கள் சொன்னபடியே இரண்டு குழு என்று சொல்லி ஜின்சி உட்கார்ந்துவிட்டாள்.

ஜின்சி கட்டளை கொடுத்து இரண்டு குழுவையும் ஏற்றும்போது, ஞானதாசன் மேசை மேசையாக நின்று மேற்பார்வை பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரிக் கணினிகள்தான். ஆண்கள் வரிசை சட்டென்று முடிந்துவிட்டது, பெண்கள் வரிசையில் பாதிகூட ஏறவில்லை.

“பொம்பளப் பிள்ளைய மெஷின் இல்லியா மக்களே, ஒருங்கிப் பொறப்பட நேரம் எடுக்கத்தான் செய்யும்” என்றார். ஆண்கள் வரிசையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஏறி முடிந்ததும் ஒவ்வொரு திரையாக எட்டிப் பார்த்தார். தையலுக்கு ஒரு படம், டைப்பிங்குக்கு ஒரு படம். வேறு எந்தப் படமும் இல்லை. இனி யாரும் எதையும் ஏற்றவும் கூடாது, நீக்கவும் கூடாது என்று சொல்லி, கடவுச்சொல்லைத் தன் கையாலேயே மாற்றிப் போட்டார்.

அப்போதுதான் லிஜா விறுவிறுவென்று போய், ஆண்கள் வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞானதாசன் எழும்பச் சொன்னார். அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எழும்ப மாட்டேன். நான் என்ன களவா எடுக்க வந்தேன்?”

ஜின்சி போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பெண்கள் வரிசைக்குக் கொண்டுவந்து, தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

“உனக்க எடம் இதுதான் ஏட்டி.”

ஞானதாசனுக்கு மனம் நிறைந்துபோனது. படித்த பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

லிஜா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுபோல இருந்தது அவள் முகம்.

“ஊர்ல நீ ஒருத்தி படிச்சு வந்தேன்னுதான் உன்ன நம்புனேன். நீயும் அவங்க ஆளுதானாக்கா?”

ஜின்சி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள்.

“எழுதுட்டி. புரோகிராம் கருவிக்குத் திரையில படம் கெடையாது, பேர அடிச்சாத்தான் தொறக்கும். பெண்கள் குரூப்புக்குள்ள ஆண்கள் குரூப்பும் முழுசா கெடக்கு.”