சலேத்மேரி கொடுத்துவிட்ட பன்

அரிசிக்கு ரேஷன் கடையில் அடிதடி நடந்த வருஷம். செஞ்சியைச் சுற்றியிருந்த சின்ன மாதா கோவில்களில் ஞானப்பிரகாசம் குடும்பத்தோடு மேஜிக் காட்டி, ஆண்டவர் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஐயாயிரம் பேருக்குப் பெருக்கிக் கொடுத்தது போன்ற அற்புதங்களைச் சொல்லி வந்தார். மரப்பெட்டியைக் காலியாகக் காட்டிவிட்டு, அடியிலிருந்த மறைதட்டிலிருந்து பன்களாக எடுத்துக் கொடுப்பார்.

சிங்கவரம் பக்கத்து ஓலைக் கோவில் வாசலில் ஒரு தாயும் பிள்ளையும் பசியில் சுருண்டு கிடந்தார்கள். ஞானப்பிரகாசத்தின் மனைவி சலேத்மேரி பெட்டியில் ஒளித்து வைத்திருந்த பன்களை எல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அவரிடம் சொல்வதற்குள் மகள் செசிலி ஆர்மோனியம் வாசித்து நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டாள்.

"மாதாவே, இவரு மானம் போவக் கூடாது" என்று மேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கூடியிருந்த பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அவள் கண்ணைத் திறந்தபோது எல்லார் கையிலும் ரொட்டி இருந்தது.

"நாங்க செய்யறது வெறும் கைவித்தைதான். பாருங்க, இதுலதான் ஒளிச்சி வெச்சிருந்தோம்" என்று ஞானப்பிரகாசம் வழக்கம்போல் மறைதட்டைத் திறந்து காட்டினார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"இன்னா மேரி, இப்படிச் சுடுது? எந்தக் கடையில வாங்குன?"

மேரி ஒரு ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அது பன் இல்லை. தட்டையாக, தவிட்டு நிறத்தில், அடியில் சாம்பல் ஒட்டியிருந்தது. காலியான மறைதட்டில், ஈரம் காயாமல், ஒரு மீன் செதில் மின்னியது.